பொறுத்துப் பார்க்கச் சொன்ன டாக்டர்

குன்னத்தூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு ஒரு கணவனும் மனைவியும் திருப்பூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். அவள் மடியில் காதுவலியோடு நான்கு வயது மகள்.

“பொறுத்துப் பாக்கறதுக்கு எதுக்கு டாக்டரு?” என்றான் அவன்.

“நீங்க வெளியவே நின்னுட்டீங்க. ஒரு காதுதானுங்க, காச்சலும் கம்மி. இந்த மாதிரி கொழந்தைங்க நெறையப் பேர வெச்சு ஆராய்ச்சி பண்ணிப் பாத்தாங்களாமா. முக்காவாசிப் பேருக்குத் தானா சரியாயிருதாமா. இப்போதைக்கு வலிக்கு சிரப் போதும்னாங்க.”

“அந்தக் கொழந்தைங்கள்ல நம்ம பாப்பா இல்லியே.”

“நானும் அதையேதானுங்க கேட்டேன். அதனாலதான் ரெண்டு நாள்ல மறுபடி கொண்டாரச் சொன்னாங்க. அதிகமாச்சுன்னா உடனே வரோணுமாமா.”

“பெருமாநல்லூர்ல எறங்கலாம். அங்க வேற டாக்டர்கிட்ட ஒரு ஊசி போட்டுட்டுப் போயிரலாம்.”

பெருமாநல்லூர் வந்தது. அவன் எழுந்து பையைத் தோளில் மாட்டினான். அவள் அசையவில்லை. மகள் தூங்கிப் போயிருந்தாள்.

“எறங்கறீங்களா?” என்று கேட்டார் கண்டக்டர்.

“இல்லீங்க, திருப்பூருங்க” என்றாள் அவள்.

பஸ் புறப்பட்டது. அவள் பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது. அவன் மகளின் நெற்றியில் கையை வைத்தபடி திருப்பூர் வரை நின்றுகொண்டே வந்தான்.