அட்டைக்குப் பின்னால் விழுந்த எண்

சனிக்கிழமை மதியம் என் வீட்டுக்கு வந்த யாரும் இதுவரை பசியோடு எழுந்து போனதில்லை. நீங்கள்தான் முதல் ஆள், ஸ்லாவ்கா அக்கா. ரொட்டியைத் தொடவே இல்லை. பாலாடைக்கட்டியின் வாடைதான் காரணம் என்றால் எனக்குப் புரிகிறது. ஓஸ்ட்ராவாக்காரர்கள் எங்கள் ஊர்ப் பாலாடைக்கட்டியைக் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஓலோமோட்ஸில் வளர்ந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பிறக்கிறோம் போலிருக்கிறது. உங்கள் தம்பி லியோஷ் வெங்காயத்தோடு சேர்த்து ஒரு தட்டை ஒரே மூச்சில் காலி செய்வான். அந்தக் கையோடு பகடையை எடுக்கப் போனால், எங்களோடு விளையாடும் இவோனா அவனைக் குழாயடிக்கு விரட்டுவாள்.

நீங்கள் உட்கார்ந்திருப்பது அவன் நாற்காலிதான். பரவாயில்லை, உட்காருங்கள்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. அன்று காலை தொலைபேசியில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று உங்களிடம் சொன்னவன், ஏன் சாயங்காலம் வரை இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்? இவோனாவிடம் கேட்டீர்களாம். "பகடை வேணாம்னு சொல்லிடுச்சுக்கா, மீதியை விலெம்கிட்டயே கேட்டுக்கோங்க" என்றாளாம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். மீதி என்னிடம்தான் இருக்கிறது. ஒளித்து வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் நேரே அங்கே போய் நின்றால் நான் ஏதோ கெட்டவன் போல உங்களுக்குத் தெரியும். அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

எங்கள் விளையாட்டு உங்களுக்குத் தெரியாது. லியோஷ் எத்தனையோ முறை விளக்க, நீங்கள் கொட்டாவி விட்டதாகச் சொல்வான். ஒருவர் கதை சொல்வார்; அவர் மாஸ்டர். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடத்தில் வாழ்வார்கள். குகைக்குள் நுழைகிறீர்கள், உள்ளே எதுவோ மூச்சு விடுகிறது, என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் கேட்பேன். வாளை உருவுகிறேன் என்பான் ஒருவன், ஓடுகிறேன் என்பாள் இன்னொருத்தி. நடந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும். ஆட்டக்காரர்கள் மேசை மேல் எல்லோர் கண் முன்னாலும் உருட்டுவார்கள். மாஸ்டர் மட்டும், மூன்றாக மடித்து நிறுத்திய அட்டைக்குப் பின்னால் உருட்டுவார். அங்கே விழும் எண்ணைப் பார்த்துவிட்டால் பொறி எங்கே இருக்கிறதென்று முன்கூட்டியே தெரிந்துபோகும், கதையில் உப்புச்சப்பு இருக்காது. அட்டைக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதைவிடப் பெரிய மானக்கேடு எங்கள் மேசையில் இல்லை. ஒருமுறை லியோஷ் கடுகு விழுது எடுக்கக் கை நீட்டியபோது தெரியாத்தனமாக எட்டிவிட்டான். உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டு, "சத்தியமா பாக்கலடா, சத்தியமா பாக்கல" என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் கத்தினான். அப்போது அவன் நாற்பதைத் தாண்டியிருந்தான், வேதியியல் ஆசிரியர் வேறு.

நாங்கள் நான்கு பேர். பதினேழு வயதில் தொடங்கினோம். ராடிம் டிராம் ஓட்டுகிறான். தண்டவாளத்தில் ஓட்டுபவனுக்கு வழி தவற வாய்ப்பே கிடையாது. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளவோ என்னவோ, கதைக்குள் வந்தால் திரும்பிய மூலையிலெல்லாம் தொலைந்து போவான். இவோனா பல் மருத்துவரிடம் உதவியாளர். சனிக்கிழமைகளில் மட்டும் திருடி. தூங்கும் அரக்கன் வாயிலிருந்து தங்கப்பல்லைக் கழற்றிக்கொண்டு வருவாள். உங்கள் தம்பி, புறாவைக் கண்டால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போகும் உங்கள் தம்பி, கரடித்தோல் உடுத்திய ஏழடி வீரன். பெயர் உர்க். உர்க்குக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. படிக்கவும் தெரியாது. ஒரு வாத்தியாருக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று நினைத்துப் பாருங்கள்.

மற்ற நாள்களில் நான் கணினியில் இதே மாதிரி விளையாடுவேன். அதில் ஒரு வசதி உண்டு. என் தோழர்களைக் காட்டில் ஒரு நெருப்பருகே விட்டுவிட்டு இரண்டு மாதம் கழித்துத் திரும்பினாலும் அங்கேயேதான் நிற்பார்கள். வாங்க தலைவரே என்பார்கள். அவர்களில் யாருக்கும் வெளியூரில் வேலை கிடைப்பதில்லை, கல்யாணம் நிச்சயமாவதில்லை. மனிதர்களும் அப்படி இருந்தால் தேவலை என்று சிறு வயதில் நினைத்ததுண்டு.

இனி அந்த வழக்கத்துக்கு வருகிறேன். அதை ஆரம்பித்தது நானில்லை, உங்கள் தம்பிதான். எந்த மதுக்கடைக்குப் போவது என்று நால்வரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, "மாஸ்டர், நீ உருட்டு, பத்துக்கு மேல விழுந்தா மூலைக் கடை" என்றான். உருட்டினேன். மூலைக் கடைக்குப் போனோம். அன்றிலிருந்து தீராத சண்டை எல்லாம் அட்டைக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. முதலில் சின்ன விஷயங்கள்: முடி வெட்டிக்கொள்வதா, நாய் வாங்குவதா. பிறகு கொஞ்சம் பெரியவை. கேட்பவர் எண்ணைச் சொல்வார், நான் உருட்டுவேன், பகடை கையை விட்ட பிறகு மறுபேச்சு கிடையாது. வெளியே இருப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனம். ஆனால் வாரா வாரம் தன் உயிரையே அந்தப் பகடையிடம் ஒப்படைக்கிற ஆளுக்கு, ஒரு வேலையை ஒப்படைப்பதா பெரிய விஷயம்?

ராடிமுக்கு லின்ஸில் வேலை கிடைத்தது. அவன் அண்ணன் அங்கே இருந்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் நல்ல சம்பளம், நல்ல டிராம். எங்கள் கதையோ அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. "பதினொண்ணுக்கு மேல விழுந்தா கிளம்பிடுறேன்டா" என்றான். உருட்டினேன். பதினெட்டு விழுந்தது. ஆறு என்றேன்.

ஆமாம், அது பொய். அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. அவன் டிராம் என் தெருவில் மணியடித்துப் போகும்போதெல்லாம் ஜன்னலை விட்டு விலகி நின்றேன். நண்பனிடம் பொய் சொல்வது அசிங்கம், அக்கா. இனி வாழ்நாளில் அப்படிச் செய்வதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன். அந்த முடிவை இன்றுவரை மீறவில்லை. ராடிமும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மறு சனிக்கிழமை வந்து, ஒரு சுரங்கத்தில் வழக்கம்போலத் தொலைந்து போனான்.

இவோனாவை ஸ்லினிலிருந்து ஒருவர் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். ஹினெக் என்று பெயர், ஆப்பிள் தோட்டம் வைத்திருந்தார், நல்ல மனிதர், கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பார். "எட்டு போதும் மாஸ்டர், கருணை காட்டு" என்று கண்ணைச் சிமிட்டினாள். உருட்டினேன். ஐந்து என்றேன். குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டாள். வெளியே வந்து, யாரோ ஓர் அரசியின் மகுடத்தைத் திருடினாள். நான் பார்த்ததிலேயே அழகான திருட்டு அது. இப்போது ஒரு பூனையோடு தனியாக இருக்கிறாள் என்று ஊரில் பரிதாபப்படுகிறார்கள். சனிக்கிழமைகளில் அவள் தனியாக இல்லையே.

அடுத்ததை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் கணவர் இறந்த பிறகு லியோஷை ஓஸ்ட்ராவாவுக்கே வந்துவிடச் சொன்னீர்கள். மாடி அறைக்கு வெள்ளையடித்து, அவன் புத்தகங்களுக்கு அலமாரி கூடச் செய்து வைத்தீர்களாம். அவன் வரவில்லை. அக்காவோடு இருக்கப் பிடிக்கவில்லை போல என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை. அந்த அலமாரியைப் பற்றி ஒரு மாதம் பேசினான். "அக்கா கையால சோறு, அங்கேயே ஒரு பள்ளிக்கூடம், எனக்கு வேறென்னடா வேணும்?" என்றான். ஒன்பது கேட்டான். எட்டு என்றேன்.

"ஒண்ணுல போச்சேடா" என்று மேசையே சிரித்தது. அவனும் சிரித்தான். ஒரே எண்ணில் தவறினால் யாருக்கும் சந்தேகம் வராது, கசப்பும் தங்காது. நல்ல மாஸ்டருக்கு இதெல்லாம் கைவந்த கலை. உங்களிடம் அவன் உண்மையைச் சொல்லவில்லை. ஐம்பதை நெருங்குகிற வாத்தியார், பகடை வேண்டாமென்றது என்று அக்காவிடம் எப்படிச் சொல்வான்? முதுகு வலி, படி ஏற முடியாது என்றானாம். அந்த முதுகில் ஒரு குறையும் இல்லை. அழுதால் அழுங்கள், இங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவன் வரும்போதே வியர்த்திருந்தான். லிஃப்டில்தான் வந்தான். இடது கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். தாடை வலிக்கிறது என்றதும் இவோனா சொந்தத் தொழிலில் இறங்கி வாயைத் திறக்கச் சொன்னாள். பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"பல்லுல ஒண்ணும் இல்ல. லியோஷ், இது வேற. எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"ரெண்டே ஸ்டாப்புடா. என் வண்டியில டிக்கெட் கூட வேணாம்" என்றான் ராடிம்.

லியோஷ் அட்டையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அன்று கதையில் நாங்கள் கருங்கோபுரத்தின் கடைசி வாசலில் நின்றோம். பதினோரு வருடம் நடந்து வந்து சேர்ந்த வாசல். உள்ளே அந்தக் கிழட்டு டிராகன்.

"காலையிலயே அக்காகிட்ட போறேன்னுதான் சொன்னேன்" என்றான். "சரி மாஸ்டர், நீயே சொல்லு. பத்துக்கு மேல விழுந்தா இப்பவே கிளம்புறேன். கீழே விழுந்தா, அந்தக் கிழவனை முடிச்சிட்டுக் கிளம்புறேன்."

"இதுக்கெல்லாமா பகடை? லூசாடா நீ?" என்று இவோனா கத்தினாள். ஆனால் அவளும் அட்டையைத்தான் பார்த்தாள். பழக்கம் அப்படி.

என் இடத்தில் இருந்து கொஞ்சம் யோசியுங்கள். ஆஸ்பத்திரியில் ஒருவனைப் படுக்க வைத்தால் சீக்கிரம் விட மாட்டார்கள். பிறகு ஓய்வு என்பார்கள். நீங்கள் வந்து ஓஸ்ட்ராவாவுக்கு அழைத்துப் போவீர்கள். அறைதான் தயாராக இருக்கிறதே. இரண்டே பேரை வைத்துக்கொண்டு யாரும் டிராகனை எதிர்க்க முடியாது. இவோனா ஒரு வாரம் வர மாட்டாள், அடுத்த வாரம் ராடிம். வாசல் வரை வந்த கதை வாசலிலேயே நின்றுபோகும். இவ்வளவும் பகடை உருளுகிற நேரத்துக்குள் என் மனதில் ஓடிவிட்டது. நான்கு என்றேன்.

அப்புறம் அவன் ஆடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முகம் வெளுத்துச் சட்டை நனைந்திருந்தது, ஆனால் உர்க் அன்று போல் என்றும் சண்டை போட்டதில்லை. கடைசி அடிக்கு அவனே உருட்டினான், மேசை மேல், எல்லோர் கண் முன்னாலும். இருபது. அதில் என் கை இல்லை, அது உண்மையான இருபது. "பாத்தியாடா விலெம், பாத்தியா!" என்று இரண்டு கையையும் தூக்கினான். ராடிம் அவனைக் கட்டிக்கொண்டான். நானும் அழுதேன், சந்தோஷத்தில். பிறகு சொன்ன சொல்லைக் காப்பாற்றக் கோட்டு எடுக்கப் போனான். அதோ, அந்தக் கொக்கியில்தான் மாட்டியிருந்தது. கோட்டு வரை போய்ச் சேரவில்லை.

கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் மருத்துவர். பார்த்திருக்கலாம். காப்பாற்றியிருப்பேன் என்று அவர் அடித்துச் சொல்லவில்லையே.

அன்றிலிருந்து ராடிமும் இவோனாவும் வரவில்லை. இவோனா சவ அடக்கத்தில் என் கையைப் பிடித்து, "பகடை மேல கோவிச்சுக்கிட்டு என்ன பண்றது" என்றாள். அவள் மனசு அப்படி. வருவார்கள். போகிற இடம் வேறு என்ன இருக்கிறது அவர்களுக்கு? அவர்களுக்கும் சேர்த்துத்தான் தட்டு வைத்திருக்கிறேன். உங்களுக்கும் ஊரில் அந்தக் காலி அறையைத் தவிர ஒன்றுமில்லை என்று கேள்விப்பட்டேன். ஓலோமோட்ஸ் கெட்ட ஊர் இல்லை. தங்குவதா திரும்புவதா என்று குழப்பமாக இருந்தால் சொல்லுங்கள், ஒரு எண் சொன்னால் போதும்.

சரி. வேண்டாம். கோபம் புரிகிறது.

உண்மையில் அன்று என்ன விழுந்தது என்று கேட்கிறீர்கள். பதினைந்தா, பத்தொன்பதா, எந்த எண்ணை மறைத்தாய் என்கிறீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரியாது, அக்கா. நான் பார்க்கவில்லை. ராடிமுக்கு உருட்டிய அந்த நாளுக்குப் பிறகு, அவர்களில் யாருடைய வாழ்க்கைக்காக உருட்டியபோதும் நான் பார்த்ததில்லை. பகடை நிற்கும் முன்பே கையால் மூடிவிடுவேன். பிறகு ஒரு எண்ணைச் சொல்வேன். இவோனாவின் ஐந்தும் அப்படித்தான், ஓஸ்ட்ராவாவின் எட்டும் அப்படித்தான், அன்றைய நான்கும் அப்படித்தான். பார்த்துவிட்டு மாற்றிச் சொன்னால்தானே பொய்? நண்பர்களிடம் பொய் சொல்லும் பழக்கத்தை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.