வறண்ட தொட்டியை நக்கிய நாவுகள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பால் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! கறவை முடித்து, கைகழுவிய ஈரம் காயுமுன் வந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

வாழ்த்திப் பேசத்தான் அழைத்தீர்கள். ஆனால், வாழ்த்த எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் அக்காவின் மாட்டுக் கொட்டகையில் நின்றிருந்தேன். மச்சான் மோட்டாரைப் போட்டார். ஓசை கேட்டதுமே மாடுகள் வழக்கம்போல முட்டி மோதித் தொட்டிக்கு வந்தன. குழாய் இருமியது, சேற்றைத் துப்பியது, பிறகு வெறும் காற்றை ஊதியது. மாடுகள் விலகவில்லை. வறண்ட சிமெண்டை நக்கின, நக்கின, நக்கிக்கொண்டே இருந்தன! அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா?

"மோட்டாரை நிறுத்துங்க! சத்தம் கேக்குற வரைக்கும் தண்ணி வரும்னு நம்பி நிக்குதுங்க" என்று அலறினாள் அக்கா.

என்ன ஐயா, அந்த மூலையில் சிரிப்பு? 'கழுவியே தண்ணியைக் காலி பண்ணிட்டாரு உங்க மச்சான்' என்கிறீர்களா? உண்மைதான்! சாணியை வாரமாட்டார், தண்ணீரைப் பீய்ச்சியே தள்ளுவார். கொட்டகை கல்யாண வீடு மாதிரி பளபளக்கும். உங்கள் கொட்டகையில் மட்டும் விளக்குமாறு தேய்கிறதா என்ன?

மோட்டார் நின்றதும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சலசலப்பு கேட்டது. ஓடிப் பார்த்தேன். காலையில் கறந்த பாலைக் குளிர்விக்கும் இயந்திரத்தின் குழாய் வழியே, மேல்தொட்டியில் மிஞ்சியிருந்த நீர் ஓடிவந்து சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தது! பாலின் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்ட, துளி அழுக்கில்லாத நீர்! முன்னே நாக்கு வறள்கிறது. பின்னே நல்ல நீர் நாசமாகிறது!

"மெஷின் மாட்ட வந்தவர் குழாயை அங்க விட்டுட்டுப் போனார். அப்படியே கெடந்துச்சு மாப்ள" என்றார் மச்சான்.

குழாயைத் தொட்டிக்குத் திருப்பினோம். அரைத் தொட்டிகூட நிறையவில்லை. கன்றுபோட்ட மாடுகளுக்கு மட்டும் போதும். மற்றவற்றை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் இன்றுவரை தவிக்கிறாள் அக்கா.

எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயமாக இருக்கிறது! அவள் ஆழ்குழாய் உறிஞ்சியதும் உங்கள் ஆழ்குழாய் உறிஞ்சுவதும் ஒரே நிலத்தடி நீர்தானே? நேற்று அவள் தொட்டி. நாளை யார் தொட்டி?

முதலில் சாணியை வாருங்கள், பிறகு கழுவுங்கள். பாலைக் குளிர்வித்த நீரை மாட்டுக்குக் காட்டுங்கள். நாளைக் காலை நீங்கள் மோட்டாரைப் போடுவீர்கள். உங்களை நம்பி அவை ஓடிவரும். அந்த ஓசையைப் பொய்யாக்கிவிடாதீர்கள்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். வணக்கம்.