பெட்டியில் கோளாறு இல்லை

இந்த மின்விசிறிக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டால் போதும், ஐயா. மேலே தண்டைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கிறது. அதனால்தான் சுற்றுக்கு ஒரு முனகல். நாள் முழுக்க இதன் கீழே உட்கார்ந்து எழுதுகிறவருக்குச் சாயங்காலம் தலை வலிக்கும். எதனால் என்று தெரியாமல் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவார். சத்தம் அப்படித்தான், அடித்தவன் யாரென்று தெரியாமல் அடிக்கும்.

என்னை யாரும் இந்தக் காவல் நிலையத்துக்குக் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். மைதான விபத்தை விசாரித்த குழு, ஒலிக்கட்டுப்பாட்டுப் பெட்டியில் கோளாறு என்று முடிவு சொல்லியிருக்கிறதாம். நகரத்தில் உள்ள எல்லாப் பெட்டிகளையும் கழற்றப்போகிறார்களாம். அது தவறு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நகராட்சியில் ஒலி அனுமதி அதிகாரி நான். பொது இடத்தில் யார் ஒலிபெருக்கி வைத்தாலும் என் கையெழுத்து வேண்டும். எத்தனை மணி வரை, எவ்வளவு சத்தம், எந்தப் பக்கம் பார்த்துக் குழாய் கட்டலாம் என்பதெல்லாம் நான் தீர்மானிப்பது. இதை வேண்டாத வேலை என்று நினைப்பவர்கள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் அப்பா என் மேசை முன்னால் நின்று அழுததைப் பார்த்ததில்லை. அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஒருவரின் மனைவி, காதில் பஞ்சை வைத்துக்கொண்டே என்னிடம் பேசினாள். அவர்களுக்காகத்தான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தேன்.

மேடையில் பொருத்தும் இரும்புப் பெட்டி அது. சத்தம் அளவைத் தாண்டினால் முதலில் சிவப்பு விளக்கு எரியும். அப்படியும் குறைக்காவிட்டால் ஒலிபெருக்கிக்குப் போகும் மின்சாரத்தை அறுத்துவிடும். என்னிடமுள்ள சாவியைப் போட்டுத் திருப்பினால்தான் மறுபடி உயிர் வரும். ஆபத்து நேரத்தில் அறிவிப்புச் செய்ய வேண்டுமானால் அளவு கிடையாது, அதிகாரி உடனே திறந்துவிட வேண்டும் என்று விதியில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை எழுதியவனும் நான்தான்.

வெண்கலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். என் மனைவியின் தம்பி. ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவன், மேடை அறிவிப்பாளனும் அவனே. குரலுக்காக ஊர் வைத்த பெயர் அது. வீட்டிலும் அப்படியே கூப்பிட்டோம். தெருமுனையில் அவன் யாரிடமோ பேசினால் எங்கள் சமையலறையில் கேட்கும். கேட்டதும் என் மனைவி அடுப்பைக் கூட அணைக்காமல் வாசலுக்கு ஓடுவாள். மகளுக்கு மாமா என்றால் உயிர். அவன் வந்த நாளெல்லாம் வீட்டில் சிரிப்புத்தான். நானும் சிரிப்பேன். எனக்கு அவன் மேல் எந்த வருத்தமும் இல்லை.

மகளின் பிறந்தநாளன்று அவன் ஒலிவாங்கியோடு வந்தான். உறவுக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். பெற்றவன் என்ற முறையில் நான் இரண்டு வார்த்தை பேச எழுந்தேன். அவன் குறுக்கே புகுந்து, "அனைவரும் கவனிக்கவும். எங்க அத்தான் இப்ப மூச்சு விடறாரு. அளவு தாண்டல, பயப்படாதீங்க" என்றான். கூடம் அதிர்ந்தது. என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை, ஐயா, நடந்ததைச் சொல்கிறேன். நான் பேச வந்ததை அன்று பேசவே இல்லை. என்ன பேச வந்தேன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

வெண்கலம் ஒலிபெருக்கி வைக்கவிருந்த அந்த மைதானத்துக் கச்சேரிக்கு முதலில் நான் அனுமதி மறுத்தேன். என் மச்சினனுக்குச் சலுகை காட்டுகிறேன் என்று அலுவலகத்தில் பேச்சு வரும். என் மனைவிதான் விடவில்லை.

"ஏங்க, ஊருக்கெல்லாம் கையெழுத்துப் போடறீங்க. என் தம்பிக்கு ஒண்ணு போட்டா கை தேஞ்சா போயிடும்?"

போட்டேன். பெட்டி வைக்க வேண்டும், நானே கூட நிற்பேன் என்ற நிபந்தனையோடு. சலுகை என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கக்கூடாது அல்லவா.

நல்ல கூட்டம். வெளிச்சம் மங்கும் நேரத்தில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தன. மேடைக் கூரையிலிருந்து ஒரு தகரம் பெயர்ந்து விழுந்தது. யார் மேலும் விழவில்லை. ஆனால் யாரோ மேடை சரிகிறது என்று கத்த, ஜனங்கள் எழுந்து ஓடினார்கள். மைதானத்திலிருந்து வெளியேற இரண்டு வழி. ஒன்று பெரிய வாசல். இன்னொன்று சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை. மழைத் தண்ணீர் ஏறுகிறது என்று அதன் மறுமுனைக் கதவைப் பூட்டியிருந்தார்கள். முன்னால் இறங்கியவர்கள் கதவில் முட்டி நின்றார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு அது தெரியாது. பாதையின் வாயில் கூட்டம் நகராமல் தேங்குவது, மேடை உயரத்திலிருந்து பார்த்த வெண்கலத்துக்குத் தெரிந்தது. அவன் பக்கத்தில் நின்ற எனக்கும் தெரிந்தது.

பலர் எந்தப் பக்கம் போவதென்று புரியாமல் மேடையைத்தான் பார்த்தார்கள். அவன் ஒலிவாங்கியைப் பிடித்து, தொண்டை கிழிய, நில்லுங்க, நில்லுங்க என்று கத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

"எல்லாரும் கேளுங்க. சுரங்கப்பாதைப் பக்கம் போ..."

அங்கே பெட்டி அறுத்தது. "காதீங்க" என்பது அவன் வாயோடு நின்றுவிட்டது. கூட்டத்துக்குக் கேட்டது "சுரங்கப்பாதைப் பக்கம் போ" என்பது மட்டும்தான். அதுவரை தயங்கி நின்றவர்களும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

அவன் என்னிடம் ஓடிவந்தான்.

"அத்தான், சாவி. சீக்கிரம்."

நான் சட்டைப் பையில் கை விட்டேன். சாவி விரலில் பட்டது.

"இங்கதான் வெச்சேன்" என்றேன். "இரு, தேடறேன்."

"அத்தான், கொழந்தைங்க இருக்கு அங்க."

"தேடிட்டுத்தானே இருக்கேன். பதறாதே."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஐயா. பைக்குள் இருந்த என் கையைப் பார்த்தான். கை அசையாமல் இருந்தது. மழைத் தண்ணீர் அவன் மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு மேடையிலிருந்து குதித்து, வெறுங்குரலில் கத்திக்கொண்டே சுரங்கத்தை நோக்கி ஓடினான். கொஞ்ச தூரம் வரை அவன் குரல் தனியாகக் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

நான் இடத்தை விட்டு நகரவில்லை. என் கையிலிருந்த ஒலிமானியில் முள் சிவப்பைத் தொட்டுத் தொட்டு மீண்டது. மனிதர்கள் தொண்டையால் எழுப்பும் சத்தம் எங்கள் விதிக்குள் வராது. அதற்கு யாரும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

இறந்தவர்களின் பெயர்களைச் சற்று முன் நீங்கள் வாசித்தீர்கள். வெண்கலத்தின் சரியான பெயரைக் கேட்டதும் யாரோ என்று நினைத்தேன். அந்தப் பெயர் சொல்லி அவனைக் கூப்பிட்டே பல காலம் ஆகிவிட்டது.

சாவி சேற்றில் விழுந்துவிட்டது என்று குழுவிடம் சொன்னேன். மேலே எதுவும் கேட்கவில்லை. மைத்துனனைப் பறிகொடுத்தவன் என்று நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

என் மனைவிதான் பாவம். "நான்தாங்க கெஞ்சினேன். நீங்க மாட்டேன்னுதானே சொன்னீங்க. நான் வாய மூடிட்டு இருந்திருந்தா எந்தம்பி இருந்திருப்பான்" என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். நான் அவள் தலையைத் தடவி, "நடந்தது நடந்துபோச்சு, விடும்மா" என்பேன். நீ காரணமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் பின்னே யார் என்று கேட்பாள். இப்போதெல்லாம் என் தோளில் சாய்ந்துதான் தூங்குகிறாள். முன்பு அப்படி இல்லை. நான் மெதுவாகப் பேசினாலும் கேட்கிறாள். வீடு அமைதியாக இருக்கிறது.

இதெல்லாம் இப்படியே இருந்திருக்கும். ஆனால் பெட்டிகளைக் கழற்றப்போகிறார்கள் என்று கேட்டதும் மனம் பொறுக்கவில்லை. எத்தனை நோயாளிகள், எத்தனை பிள்ளைகள் அதை நம்பி இருக்கிறார்கள். செய்யாத தப்புக்கு ஒரு நல்ல ஏற்பாடு பழி சுமக்கலாமா. அதனால் தெளிவாகவே எழுதிக்கொள்ளுங்கள். பெட்டி அறுக்க வேண்டிய நேரத்தில் சரியாக அறுத்தது. திறக்க வேண்டியவன் நான். சாவி என் பையில் இருந்தது, அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும், நான் எடுக்கவில்லை.

கொலை என்று நீங்கள் எழுதுவது எனக்குத் தெரிகிறது. அந்தச் சொல் கொஞ்சம் அதிகம், ஐயா. அவன் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்தவனில்லை. அவன் குரல் கொஞ்ச நேரம் கேட்காமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அதற்கு எனக்கு அதிகாரம் இருந்தது.