கொள்ளிடக் கரைக்கு மூன்றடி கூட்டிய குத்புதீன் அவர்களுக்கு

தென்னூர் தந்த தெளிந்த சிந்தையரே! எண்ணில் எள்ளளவு பிழையும் பொறாத ஏந்தலே! முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆற்றுநீரின் ஏற்றத்தை அளந்து இன்று பணிநிறைவு பெறும் எங்கள் தலைமைக் கணிப்பாளர் ஜனாப் குத்புதீன் அவர்களே! வணக்கம்.

1964-இல் நம் வெள்ளக் கணிப்புப் பிரிவுக்குச் சென்னையிலிருந்து ஒரு கையேடு வந்தது. சூத்திரங்களை மின்கணிப்பொறிக்குப் பெயர்த்துச் சொல்லும் ஃபோர்ட்ரான் என்னும் மொழிக்கான கையேடு அது. அமெரிக்காவில் ஒரு சிறு குழு மூன்றாண்டு உழைத்து 1957-இல் அம்மொழியை வெளியிட்டதையும், மனிதர் கையால் எழுதும் கட்டளைகளுக்கு அது ஈடாகுமா என அங்கேயே பலர் ஐயுற்றதையும், ஐந்தே ஆண்டுகளில் அது நான்காம் வடிவம் கண்டதையும் நீங்கள் விளக்க விளக்க, கையால் கணக்குப் போட்டே பிழைக்கும் எங்களை அச்சம் பிடித்தது.

"பதினேழு பேர் வேலையும் போயிடுமா சார்?" என்று கேட்டார் நம் கணிப்பாளர் லூர்துராணி.

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. அதனாலதான் படிக்கிறேன்" என்றீர்கள்.

மறுஆண்டு, ஸ்ரீரங்கத்தை ஒட்டிய கொள்ளிடக் கரையை எவ்வளவு உயர்த்துவது என்ற கணக்கை அம்மொழியில் எழுதி, துளையிட்ட அட்டைகளாய்ச் சென்னையிலுள்ள பொறிக்கு அனுப்பினீர்கள். விடை வந்தது. பொறியாளர் மகிழ்ந்தார். நீங்களோ அதே கணக்கைக் கையாலும் போடச் சொன்னீர்கள். ஒன்பது நாள் போட்டோம். பொறியின் விடையைவிட எங்கள் விடையில் வெள்ளம் மூன்றடி உயர்ந்து நின்றது!

எங்களில் பதினொருவர் வீடு ஸ்ரீரங்கத்தில். அன்று எவர்க்கும் சோறு இறங்கவில்லை. நீங்கள் வரிவரியாகத் தேடினீர்கள். நீர்மட்டத்துக்கு 'மட்டம்' என்றே ஆங்கில எழுத்தில் பெயரிட்டிருந்தீர்கள். 'எம்' எழுத்தில் தொடங்கும் பெயரை முழு எண்ணாகவே கொள்வது அம்மொழியின் விதி. ஒவ்வொரு மைலுக்கும் பின்னம் உதிர்ந்து, வெள்ளம் தாளில் மட்டும் தாழ்ந்திருந்தது.

இரு விடைத்தாள்களையும் எடுத்துக்கொண்டு பொறியாளர் அறைக்குள் சென்றீர்கள். "தப்பு என்னோடதுங்க. கையெழுத்துப் போட்டுடாதீங்க" என்றீர்கள். விளக்கம் கேட்டு ஓலை வந்தது. பதவி உயர்வு ஈராண்டு நின்றது. கரை மூன்றடி கூடுதலாய் எழுந்தது.

அஞ்சாதவர் என்று உம்மை யாம் புகழோம். அஞ்சியும் மறைக்காதவர் என்றே புகழ்வோம்!

தை முதல் கணக்குகள் அனைத்தும் சென்னைப் பொறிக்கே போகும் என்கிறார்கள். எத்தனை நாற்காலிகள் காலியாகும் என்று எவரும் சொல்லவில்லை. அச்சம் தீரவில்லை ஐயா. ஆயினும் இருக்கும்வரை ஒவ்வொரு விடையையும் கையால் ஒருமுறை போட்டுப் பார்ப்போம்.

நீங்களும் துணைவியார் ரோஷன் பேகமும் நோயின்றி, குறையின்றி, நூறாண்டு வாழ்க!

நன்றியுடன்,
வெள்ளக் கணிப்புப் பிரிவின் பதினாறு ஊழியர்கள்
திருச்சிராப்பள்ளி, 30-11-1967