படம் முழுக்க ஒரு செருப்பு

ஆம்பூரில் பேருந்து ஏறினோம். தடுப்பூசி போட்டுக்கொண்ட மகள் மடியில் தூங்கினாள். ஜன்னலை மூடலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, முன் இருக்கையில் ஷூ கம்பெனிப் பெண்கள் இருவர் பேசுவது கேட்டது.

"நேத்து தியேட்டர்ல எந்திரிச்சு நின்னு 'ரிஜெக்ட்'னு கத்திட்டேன் செல்வி," என்றாள் மூத்தவள்.

"இன்னாக்கா சொல்ற?"

"சின்னப் படம்தான். கல்யாண மண்டபத்துல ஒருத்தனோட ஒத்தைச் செருப்பு காணாமப் போவுது. படம் ஃபுல்லா குடும்பமே தேடுது."

"சண்டை?"

"கிடையாது. பாட்டும் கிடையாது. சிரிச்சு சிரிச்சு வயிறு நோவுது. கடைசியில அவன் பொண்டாட்டி செருப்போட ஓடியாறா. தியேட்டர்ல எல்லாரும் கண்ணைத் துடைக்கிறாங்க, எனக்கு வார் தையல்தான் தெரியுது. அது வேற ஜோடிச் செருப்பு! செக்கிங்ல நிக்கிற பழக்கம், கத்திட்டேன்."

"ஐயோ, மானமே போச்சு!"

"கேளுடி. அவனுக்கும் அது தெரியுது. அவ மூஞ்சியைப் பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம மாட்டிக்கினு நடக்குறான்."

செல்வி குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

"ஆளே வரலன்னு நாளைக்குப் படத்தைத் தூக்கறாங்க. இன்னிக்கு ஈவினிங் ஷோதான் கடைசி. வேலூருக்கு வர்றியா, பள்ளிகொண்டாவுல எறங்கி வீட்டுக்குப் போறியா?" என்று கேட்டாள் மூத்தவள்.

செல்வி கணவருக்குப் போன் செய்தாள். "மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, நீயே தோசை ஊத்திக்க," என்று ஆரம்பித்தவள், கதை முழுவதையும் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நடத்துனர் "பள்ளிகொண்டா" என்று கூவினார். அவள் இறங்கவில்லை.

"இன்னாடி சொல்றாரு?"

"தோசை கெடக்கட்டும், நானும் பைக்ல வர்றேன், எனக்கும் சேத்து டிக்கெட் எடுன்றாரு!"