கரீபியன் தீவுக்கு மொட்டையோடு

திருப்பதி பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். இருவர் தலையிலும் மொட்டை போட்டு இப்போதுதான் முடி முளைத்திருக்கிறது.

“மலையில மொட்டை போடாம போயிருந்தா, பார்படோஸ் ஏர்போர்ட்டுல அந்த ஆபீசரு நம்மள நிக்க வெச்சிருக்க மாட்டான்,” என்றார் கணவர்.

“பயணம் நல்லபடியா அமையணும்னுதானே போட்டுக்கினோம்?”

“பாஸ்போர்ட் போட்டோவுல உனக்குத் தலை நிறைய முடி. நேருல மொட்டை. நம்ம மூஞ்சியவே மூணு மணி நேரம் பாத்துக்கினு இருந்தான். பத்து வருஷம் வேலை செஞ்ச ஊரு! பெட்டியும் காணாம போச்சு. நாம குடியிருந்த வீட்டையும் புயல் தூக்கினு போயிருக்குது.”

“நாம வெச்ச கருவேப்பிலை மரம் நின்னுக்கினுதானே இருந்துச்சு? பக்கத்து வீட்டம்மா என் சிரிப்ப வெச்சே கண்டுபுடிச்சிட்டாங்களே!”

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அப்போ இனிமே போகவே வாணாமா?”

அவர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“யாரு சொன்னது? முடி வளரட்டும்.”