பாய்லர் மெக்கானிக்கின் சட்டைக் கை

காவல் நிலையத்தில் நிகழ்ந்த மரணம் குறித்து நீதித்துறை நடுவர் முன்னிலையில் ஐந்தாம் சாட்சி அளித்த வாக்குமூலம்.

பெயரும் கதவு எண்ணும் முன்பக்கத்தில் கண்டபடி. பெண். வயது நாற்பத்தாறு. தொழில், தடய அறிவியல் ஆய்வகத்தில் இயற்பியல் பிரிவு அலுவலர். குடியிருப்பு, ஆய்வகத்துக்குப் பின்புறமுள்ள ஊழியர் குடியிருப்பில் இரண்டாம் மாடி. உறுதிமொழி எடுத்துக்கொண்டு சொல்வதாவது:

என் பொறுப்பில் இருப்பது எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வுக் கருவி. உலோகம் கலந்த பொருளை மெல்லிய குழாயில் இட்டு, திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, இரண்டு காந்த முகங்களுக்கு நடுவே வைத்து நுண்ணலை செலுத்தினால், அந்த உலோகத்தில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் எந்தக் காந்த வலிமையில் பதில் தருகின்றன என்பதைக் கருவி கோடாக வரைந்து காட்டும். இரும்பு என்பது ஒன்றுதான் என்றாலும், அது குடியிருக்கும் இடத்தைப் பொறுத்துக் கோடு மாறும். காய்ந்த ரத்தத்தின் இரும்பு ஒரு புரதத்துக்குள் வளையத்தின் நடுவில் அடைபட்டிருப்பதால், காந்தம் பலம் பிடிப்பதற்கு முன்பே கூர்மையாக எழும்பும். துருவின் இரும்பு அப்படி எழும்பாது, நடுப்பகுதியில் அகலமான மேடாகக் கிடக்கும். செம்புச் சேர்மம் கலந்திருந்தால் நான்கு பற்கள் தெரியும்.

சலவைக்கூடம் நடத்திவந்த அம்மாள் தலையில் அடிபட்டு இறந்துகிடந்த வழக்கில், அன்று அங்கே பாய்லர் பழுது பார்த்த மெக்கானிக்கைப் பிடித்திருப்பதாகவும், அவர் சட்டையின் வலது கையில் கறை இருப்பதாகவும், நிலையத்தில் ரத்தத்தைக் கண்டறியும் மருந்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்ததில் அது இளஞ்சிவப்பாக மாறியதாகவும் இன்ஸ்பெக்டர் என்னிடம் போனில் சொன்னார். செம்பு பட்டாலும் அந்த மருந்து நிறம் மாறும் என்று நான் சொன்னேன். அதன் பிறகு மாலையில் அவர் சட்டையைக் கொண்டுவந்தார். கூடவே மெக்கானிக்கையும் விலங்கு மாட்டி அழைத்து வந்தார். பொருளோடு ஆளையும் அழைத்து வருவது வழக்கமில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா மெஷினைக் காட்டலாம்னு மேடம். பாத்தா வாய் திறப்பான்" என்றார்.

மெக்கானிக்குக்கு ஐம்பது வயது இருக்கும். இடது காது வீங்கியிருந்தது. செருப்பு இல்லை. நடக்கும்போது பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றினார். நான் நாற்காலியைக் காட்டினேன், கான்ஸ்டபிள் ஒருவர் அதைத் தள்ளி வைத்தார்.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் காந்தத்துக்கு அருகே கொண்டுபோனார். காந்தத்தில் அப்போது மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. விலங்கு இரும்பானதால் காந்தம் அதை இழுக்க, கைகள் காந்தத்தின் பக்கவாட்டில் போய் ஒட்டிக்கொண்டன. "பாத்தியா, மெஷினே உன்னைப் புடிச்சிருச்சு. இனிமே எங்க ஓடுவே?" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். கான்ஸ்டபிள்களும் சிரித்தார்கள். நான் மின்சாரத்தைக் குறைத்துக் கைகளை விடுவித்தேன். மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது.

அப்போது மெக்கானிக் என்னைப் பார்த்து, "இது என்னங்கம்மா சொல்லும்?" என்று கேட்டார்.

"கறை ரத்தமா, வேற எதாவதான்னு சொல்லும்" என்றேன்.

"அப்படிங்களா? அப்ப சீக்கிரம் போட்டுப் பாருங்கம்மா. அது பாய்லர் உள்ள இருந்த துருங்க. செம்புக் குழாய் அரிச்சுப் போயிருந்துச்சு, கையை உள்ள விட்டுத்தான் கழட்டணும். என் சம்சாரம் இந்தச் சட்டைங்களை மத்த துணியோட சேத்துக்கவே மாட்டா, ஏதோ தீண்டத்தகாத சாமான் மாதிரி மூலையில போட்டு வைப்பா" என்று சொன்னார். சொல்லும்போது அவர் முகம் தெளிந்திருந்தது. கருவியைக் கண்டு அவர் பயப்படவில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். கதவைத் தாண்டும்போதும் திரும்பி, "எப்பங்கம்மா தெரியும்?" என்று கேட்டார். நாளைக்கு என்றேன்.

அதன் பிறகு நான் கறையிலிருந்து இழைகளை எடுத்துக் குழாயில் இட்டேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே சட்டையின் சுத்தமான துண்டில், என் விரலைக் குத்தி ரத்தம் வைத்துக் காய விட்டேன். மறுநாள் காலை இரண்டையும் உறைய வைத்துப் பார்த்தேன். என் ரத்தத்தில் ஆரம்பத்திலேயே கூர்மையான முனை எழுந்தது. சட்டைக் கறையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. நடுவில் துருவின் மேடும், அதன் சரிவில் செம்பின் நான்கு பற்களும் இருந்தன. சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று கறையின் வேறு மூன்று இடங்களில் எடுத்தும் பார்த்தேன். எதிலும் ரத்தம் இல்லை.

உடனே இன்ஸ்பெக்டரை அழைத்தேன். நைட்ரஜனுக்கான தடித்த கையுறை கையில் இருந்ததால் போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் பேசினேன். ஆய்வக உதவியாளர் பக்கத்தில் நின்று முழுவதையும் கேட்டார். மதிய உணவுக்கு இன்னும் மணி அடிக்கவில்லை.

"சார், அது ரத்தம் இல்ல. துருவும் செம்பும்தான். அந்த ஆள் சொன்னது சரி" என்றேன்.

அதற்கு அவர், "அவனே ஒத்துக்கிட்டான் மேடம். நீங்க எதுக்கு அலட்டிக்கிறீங்க? மெதுவா எழுதி அனுப்புங்க" என்றார்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். காத்துக்கிட்டு இருப்பாரு" என்றேன்.

"தூங்குறான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று இரவுச் செய்தியில், கறை ரத்தம்தான் என்று கருவி உறுதி செய்துவிட்டதைக் கேள்விப்பட்டு மனம் உடைந்த மெக்கானிக், மாலையில் லாக்கப்பில் தூக்கிட்டுக்கொண்டதாகச் சொன்னார்கள். நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கை கழுவப் போனவள் திரும்பி வராததால் கணவர் வந்து குழாயை மூடினார். எந்தக் கருவியும் அப்படி எதையும் உறுதி செய்யவில்லை. எங்கள் ஊரில் அந்த வகைக் கருவி ஒன்றுதான் உள்ளது, அது என்னுடையது.

அதன் பிறகு எங்கள் இயக்குநர் என்னைத் தம் அறைக்கு அழைத்து, முடிவை உறுதி செய்ய முடியவில்லை என்று எழுதினால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்றார். கோடு அப்படி வரவில்லை என்றேன். "கோட்டை யாரும்மா பாக்கப் போறாங்க?" என்றார். என் தம்பி போன் செய்து, "அக்கா, செத்தவன் செத்துட்டான். மாமாவுக்கு ரிட்டயர்மெண்ட் வருது, பிள்ளை படிக்குது. உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று கேட்டான். அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன், பேச்சை மாற்றினான். இன்ஸ்பெக்டர் நேரில் வந்து எதுவும் கேட்கவில்லை. எங்கள் குடியிருப்பின் வாசலில் இரண்டு நாள் ஜீப்பை நிறுத்திவைத்து உட்கார்ந்திருந்தார்.

அதற்கு அடுத்த வாரம் மெக்கானிக்கின் மனைவி ஆய்வகத்துக்கு வந்தார். வரவேற்பில் உள்ளே விடவில்லை. நான் இறங்கிப் போய் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவரைப் பார்த்தேன்.

"மெஷின் அவரைக் காட்டிக் குடுத்துடுச்சுன்னு தெருவுல பேசுறாங்க. எம் பொண்ணு வீட்டை விட்டு வெளிய வர மாட்டேங்குறா. உண்மையாம்மா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. அது வெறும் துரு" என்றேன்.

அவர் அழவில்லை. முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டு நின்றார். அதன் பிறகு, "துருன்னு வந்துச்சுன்னு அவருக்குச் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். இப்போதும் தெரியாது. நான் போன் செய்தபோது அவர் உயிரோடு இருந்தாரா என்பதும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, மாலைக்கு முன்பே நிலையத்துக்கு விஷயம் தெரியும் என்பது மட்டும்தான். "இதை வேற யார்கிட்டயாவது சொல்வீங்களா?" என்று மெக்கானிக்கின் மனைவி கேட்டதால், சம்மன் வருவதற்குக் காத்திராமல் நானாகவே இங்கே வந்தேன். ஆய்வக உதவியாளரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

மேலே எழுதப்பட்டது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் கண்டதும் கேட்டதும் அன்றி இதில் வேறு எதுவும் இல்லை. இதைச் சொல்லும்படி யாரும் என்னை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியவர்கள் எல்லோரும் சொல்ல வேண்டாம் என்றே வற்புறுத்தினார்கள்.

(ஒப்பம்)
ஐந்தாம் சாட்சி

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
நீதித்துறை நடுவர்